3000 வாட்டுக்கு ஒரு வாழ்த்து

பெருமைக்குரிய 3000 வாட் அம்ப் அவர்களே,

மன்னார் நகரிலிருந்து தாழ்வுபாடு வீதியால் மாலையில் வந்து சேரும் எத்தனையோ ஓட்டோக்களிலும் வான்களிலும் பின்சீட்டுக்குப் பின்னால், பாட்டைப் பெருக்கிக் கொடுக்க, நீங்கள் வீற்றிருக்கிறீர்கள். நீங்கள் வருவதை நாங்கள் கண்ணால் காண்பதற்கு முன்னரே எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அறிவிக்கிறது. இவ்வளவு பெயர் பெற்ற உங்களுக்கு இந்த ஊரில் இன்னும் ஒரு வாழ்த்துரை வாசிக்கப்படவில்லை. வைவதற்கு ஆளுண்டு; வாழ்த்துவதற்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே எழுதுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நீங்கள் செய்தவற்றைச் செய்தபடியே சொல்கிறேன்.

முதலில் உங்கள் முதுகில் வெள்ளி எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் போற்றுகிறேன். எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாட் என்று 2020 இலிருந்து சொல்லிக்கொள்கின்றன. அந்த எண்ணை எட்டுவதற்கு அவற்றுக்குச் சோளகம் ஓங்கி வீச வேண்டும், இறக்கை சுழல வேண்டும், கம்பி வழியே மின்சாரம் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடு ஒன்றும் இல்லை. அச்சுக்கூடம் ஒன்று போதும்.

உங்கள் பக்கவாட்டில், வயர் செருகும் இடத்துக்கு அருகே, பச்சை நிறத்தில் ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தால் 30 என்று எழுதியிருக்கிறது. 30 அம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓடினால் அது உருகிவிடும். வண்டி ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 420 வாட். ஆக, உங்களுக்குள் போகக்கூடியதே 420 வாட்தான். வெளியே வருவதோ 3000! கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சை இரசமானது உண்மை. ஆனால் அங்கேகூட ஆறு சாடி ஆறு சாடியாகத்தான் இருந்தது.

கணக்குப் பிடிவாதக்காரர்கள் இதோடு விடமாட்டார்கள். உள்ளே போன 420 இலும் ஒரு பங்கு சூடாகப் போகிறதே என்பார்கள். ஏபி வகுப்பு அம்ப் என்றால் ஏறத்தாழப் பாதி சூடாகிவிடும். அடியை எழுப்பும் சப்வூபருக்கு, அதாவது சப்புக்கு, போய்ச் சேருவது 200 வாட் சொச்சம். டி வகுப்பு என்றால் பத்தில் எட்டுப் பங்கு, ஏறத்தாழ 340 வாட் தேறும். இப்படி அளப்பதற்கென்றே அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் சி.இ.ஏ. 2006 என்றொரு நியமத்தைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட் கொடுத்து, 4 ஓம் சுமை கட்டி, ஒலியின் சிதைவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாதபடி எவ்வளவு தருகிறது என்று பார்த்து, அதை மட்டும் எழுது என்கிறது அது. ஆர்.எம்.எஸ். என்று அடையாளம் போட்டு நேர்மையாக எழுதப்படும் வாட் அதுதான். கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தையும் கற்பனையையும் கூட்டி எழுதுகிற உங்கள் சுதந்திரத்தை அந்த நியமத்தால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆர்.எம்.எஸ். வாட்டைக் கேட்டு வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லாதவரை உங்கள் எண்ணுக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து உங்கள் சமநோக்கு. எந்த சப்பை உங்களோடு சேர்த்தாலும் இது எனக்கு ஏற்றதா என்று நீங்கள் கேட்பதில்லை. கலியாணத்துக்கு முன் கோயிலில் மூன்று தரம் பெயர் வாசித்து, தடை ஏதும் உண்டோ என்று ஊரைக் கேட்கும் மக்கள் நாங்கள். உங்களுக்கும் சப்புக்கும் நடக்கும் கலியாணத்தில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே இல்லை.

கேட்டிருந்தால் தடை சொல்ல ஆளிருந்திருக்கும். 12 அங்குல சப் ஒன்றுக்கு இரட்டைக் கொயில், ஒவ்வொன்றும் 4 ஓம் என்று வையுங்கள். இரண்டையும் சமாந்தரமாகக் கட்டினால் 2 ஓம். தொடராகக் கட்டினால் 8 ஓம். இரண்டு கொயிலையும் சேர்த்துக் கட்டினால் 4 ஓம் என்பது வரவே வராது. உங்கள் அடிப்பக்கத்திலோ, பொடி எழுத்தில், இரண்டு சானலையும் ஒன்றாக்கினால் 4 ஓமுக்குக் குறைக்காதே என்று எழுதியிருக்கிறது. 2 ஓமில் கட்டிவிட்டால், தாங்கக்கூடியதற்கு மேல் மின்னோட்டம் இழுத்து, பாட்டு உச்சத்தில் நிற்கும்போது நீங்கள் கொதிக்கிறீர்கள். சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தம் நிற்கிறது, ஆறியதும் திரும்ப வருகிறது. 8 ஓமில் கட்டிவிட்டால் 4 ஓமில் தருவதில் ஏறத்தாழப் பாதிதான் தருகிறீர்கள். ஒன்றில் கொதிப்பு, மற்றதில் பட்டினி. இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்கும் பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது.

சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. 2 ஓமில் நின்று உழைக்கக்கூடிய ஒற்றைச் சானல் அம்ப் ஒன்று வேண்டும். அல்லது இரட்டை 2 ஓம் கொயில் உள்ள சப்பை வாங்கி, தொடராகக் கட்டி 4 ஓம் ஆக்க வேண்டும். கடைக் கண்ணாடிமேல் ஒரு பென்சிலால் போடும் கணக்கு. அந்தப் பென்சில் கணக்கு நடந்திருந்தால் உங்கள் பெருந்தன்மை வெளிப்படாமலே போயிருக்கும்.

உங்கள் கொடைக்கு வருகிறேன். கையிருப்பு உள்ளவரை கொடுப்பவன் மனிதன். தீர்ந்த பிறகும் கொடுப்பவர் நீங்கள். உங்களிடம் இருப்பது 200 வாட். வண்டிக்காரத் தம்பி 3000 ஐ நம்பி கெயின் குமிழைக் கடைசிவரை திருகுகிறான், பேஸ் பூஸ்டையும் ஏற்றுகிறான். உங்களால் அலையின் தலையை அதற்குமேல் உயர்த்த முடியவில்லை. முடியாது என்று சொன்னீர்களா? இல்லை. தலையைத் தட்டையாக வெட்டிக் கொடுத்தீர்கள். கிளிப்பிங் என்பது இதைத்தான். முழுக்கச் சதுரமாக வெட்டுண்ட அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைப்போல இரண்டு மடங்கு வலுவைக் கொயிலுக்குள் இறக்கும். அந்த வலு பாட்டாக வருவதில்லை, சூடாகத் தங்குகிறது. சிறிய அம்ப் சப்பை எரிக்கும் என்று சொல்வார்களே, அது சிறுமையால் வருகிற வினை அன்று. சிறியது தன் அளவில் நின்றால் எதையும் எரிக்காது. சிறியதைப் பெரியது என்று நம்பவைத்து முறுக்குவதுதான் எரிக்கிறது.

எரிவதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கொயிலில் பூசிய வார்னிஷ் கருகும் காரமான வாசம் பெட்டித் துளையால் வருகிறது. பிறகு சத்தத்தில் ஒரு இருமல். இரண்டு கைவிரல்களாலும் கூம்பைச் சுற்றிப் பிடித்து மெல்ல உள்ளே அழுத்தினால், வழுவழுவென்று போய்வர வேண்டிய கொயில் காந்தத்தின் இடுக்கில் சரசரவென்று உரசுகிறது. அதன்பின் மீற்றர் வைத்துப் பார்த்தால் ஊசி அசைவதில்லை.

அப்போதும் பழி உங்கள்மேல் வருவதில்லை என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன். விற்ற இடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு இது: “அம்ப் நல்ல சாமான் தம்பி. உங்கட சப்தான் தாங்கேல்லை. இதுக்கு இன்னும் பெரிசாப் போடவேணும்.” கரைவலைப் பங்குக் காசில் மிச்சம் பிடித்து முதல் சப்பை வாங்கியவன், அடுத்த பாட்டுக்கு ஏங்கி இரண்டாவதையும் வாங்குகிறான். கொன்றவர் மணவறையிலேயே இருக்க, மாப்பிள்ளை மட்டும் மாறிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வருகைக்கு வண்டியே தலைவணங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு மங்கி எழும்புகிறது. ஓட்டோவின் பற்றரியும் டைனமோவும் விளக்குக்கும் ஹோனுக்கும் எஞ்சின் பொறிக்கும் என்று அளந்து வைத்தவை. டி வகுப்பில் 100 வாட் எடுப்பதற்கே ஏறத்தாழ 9 அம்பியர் வேண்டும். 3000 வாட் உண்மையாக இருந்தால் 260 அம்பியருக்குமேல் வேண்டும். அதைக் கொடுக்க ஓட்டோவுக்குப் பின்னால் இன்னொரு வாகனம் டைனமோவோடு ஓடிவர வேண்டியிருக்கும். உங்கள் எண் பொய்யாக இருப்பது இந்த ஒரு வகையில் வண்டிக்காரனுக்குச் செய்த உதவி. மெய்யாக இருந்திருந்தால் வயர் தீப்பிடித்திருக்கும்.

வயரைச் சொன்னதால் உங்களோடு பெட்டியில் வந்த வயரையும் வாழ்த்தாமல் விடக்கூடாது. வெளியே பெருவிரல் தடிப்பு. உள்ளே செம்பு முலாம் பூசிய மெல்லிய அலுமினியம். அலுமினியம் மின்சாரம் கடத்துவது செம்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. இதன் ஏர்த் முனையை மட்கார்டின் பெயின்ட்மேலேயே ஓர் ஆணியால் முறுக்கிவைப்பார்கள். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கி, மேலே கிறீஸ் பூச வேண்டிய இடம் அது. தாழ்வுபாட்டுக் கடற்கரைக் காற்று உப்புக் காற்று. சோளகக் காலம் ஒன்று போனால் அந்த ஆணி செம்மண் நிறத்தில் பொரிந்து கிடக்கும். அங்கே தடை கூடுகிறது, வோல்ட் குறைகிறது, குறைந்த வோல்ட்டில் நீங்கள் இன்னும் சீக்கிரம் அலையை வெட்டுகிறீர்கள். கடலும் காற்றும் இரும்பும் உங்கள் பணியில் கைகொடுப்பதைப்போல வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

இனி ஊருக்குச் செய்த தொண்டு. 40 ஹேர்ட்ஸ் அடி ஒன்றின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். அவ்வளவு நீளமான அலையை ஓலைவேலி தடுக்காது. கல்வீடும் பெரிதாகத் தடுக்காது. பாடகர் குரலும் வயலினும் ஓட்டோவின் கூரைச் சீலைக்குள்ளேயே அடங்கிப்போக, அடி மட்டும் வேலி தாண்டி, சுவர் தாண்டி, பாயில் படுத்தவர் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நிற்கிறது. பாட்டைத் தம்பிக்கு வைத்துக்கொண்டு இடியை ஊருக்குப் பகிர்கிறீர்கள். எந்தப் பாட்டு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

கேட்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சாமம் தாண்டி எழும்பிக் கடலுக்குப் போகிறவன் இரவு எட்டு மணிக்குக் கண்மூட வேண்டும். இருட்டில் வந்த மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தவன் பகலில் தூங்க வேண்டும். அவனுடைய நித்திரை நேரம் மற்றவர்களுடைய கொண்டாட்ட நேரம். கண் செருகிய நிலையில் வள்ளத்தில் ஏறுபவனுக்குக் கடல் இரக்கம் காட்டுவதில்லை. பிள்ளை பெற்ற வீடும் சுகமில்லாதவர் கிடக்கும் வீடும் அதே வீதியில்தான் இருக்கின்றன. வெலிகம பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்லிற்று. எங்கள் திருநாள்களுக்குக்கூட அனுமதி கேட்டு, நேரம் பார்த்துத்தான் ஒலிபெருக்கி கட்டுகிறோம். நீங்கள் அனுமதியும் கேட்பதில்லை, ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. சட்டம் வந்து சேர்வதற்குள் வண்டி அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடுகிறது.

தம்பியின் காதுக்கும் நீங்கள் நல்ல நண்பர். 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் வேலை செய்யலாமென்று அறிஞர்கள் வைத்த எல்லை நாளுக்கு 8 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் 15 நிமிடம். நாள் முழுக்க உங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் முதுகைக் காட்டி இருப்பவனுக்கு அந்தக் கணக்கு காலைத் தேத்தண்ணிக்கு முன்பே முடிந்துவிடும். காது மந்தமாக மந்தமாகக் குமிழை இன்னும் திருகுவான். அவன் உங்களை விட்டுப் பிரியவே முடியாதபடி பார்த்துக்கொள்கிறீர்கள்.

இவ்வளவு செய்த உங்களுக்கு முன்னால், யாரும் வாழ்த்தாத இன்னொரு அம்ப்பை வைத்துப் பார்க்கிறேன். அதன் முதுகில் பெரிய எண் இல்லை. 300 வாட் ஆர்.எம்.எஸ்., 4 ஓம் என்று சிறிதாக எழுதியிருக்கும். அதோடு சேர்ந்தது 300 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும் 4 ஓம் சப். டொல்பின் வான் ஒன்றின் பின்னால், சப்பைச் செய்த நிறுவனம் சொன்ன கனஅளவில் காற்று ஒழுகாமல் அடித்த பலகைப் பெட்டிக்குள் அது இருக்கும். பூட்டியவர் கெயினைக் காதால் வைக்கவில்லை. சப் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை அணைத்து, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, பாட்டுப் பெட்டியின் சத்தத்தை முக்காலில் நிறுத்தி, அம்ப்பின் வாயில் மீற்றரைப் பிடித்தார். 300 ஐ 4 ஆல் பெருக்கினால் 1200; அதன் வர்க்கமூலம் 34.6. மீற்றர் அந்த வோல்ட்டைக் காட்டியதும் குமிழை விட்டுவிட்டார். அந்த இடத்தில் அலை வெட்டுப்படாது, கொயில் கருகாது. ஓட்டோ என்றால் இதே கணக்கை 100 வாட்டுக்குச் செய்வார். அதுவே தாராளம். ஏனென்றால் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காது அதைச் சற்றே கூடுதலாக உணரும். 100 வாட்டை மெய்யாகவே 3000 ஆக்கினாலும் காதுக்குக் கேட்பது மூன்று மடங்குக்கும் குறைவு. முப்பது மடங்கு மின்சாரத்துக்கு மூன்று மடங்கு சத்தம் என்பது எந்தக் கரைவலைச் சம்மாட்டியும் ஒத்துக்கொள்ளாத பங்கு.

தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, மாலை அணிந்து காவல் மனைக்குள் மின்னின என்றும், அதியமானின் ஆயுதங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன என்றும் சொல்லி, எது படை என்று உணர்த்தியவர் ஔவை. உங்கள் நீல விளக்கையும் வெள்ளி எழுத்தையும் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காவல் மனைதான் நினைவுக்கு வருகிறது.

சத்தத்துக்குப் பகையான ஊர் இல்லை இது. கரைவலையை இழுத்தவர்கள் அம்பாப் பாட்டோடு இழுத்தவர்கள். பாட்டின் நடை இழுக்கும் கையின் நடைக்குப் பொருந்தியிருந்தது. கூத்து மேடையில் மத்தளத்தின் சுருதி பார்த்துச் சேர்த்த பிறகுதான் அண்ணாவியார் வாயைத் திறப்பார். அடி எவ்வளவு ஓங்கினாலும் குரலை மூடாது. வரி ஒவ்வொன்றும் கடைசிப் பாயில் இருக்கும் கிழவிக்கும் விளங்கும். ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதைத்தான் எங்கள் முன்னோர் இசை என்று அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு, பொருத்தம் வேண்டாம், எண் போதும் என்று கற்பித்த ஆசான் நீங்கள்.

அதனால் உங்களை வாங்கப் போகும் தம்பிமாருக்கு உங்கள் புகழை இப்படிச் சொல்லி அனுப்புகிறேன். கடையில் உங்கள் முதுகைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் உள்ள பியூஸைப் பாருங்கள். அம்ப் எத்தனை வாட் ஆர்.எம்.எஸ்., எத்தனை ஓமில் என்று கேளுங்கள். சப் எத்தனை வாட் ஆர்.எம்.எஸ்., கொயில் எத்தனை, கட்டினால் எத்தனை ஓம் வரும் என்று கேளுங்கள். இரண்டு விடையும் ஒன்றோடொன்று பொருந்தினால் காசை எடுங்கள். விடை வராவிட்டால் காசு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். வலைக்கு எத்தனையோ செலவு காத்திருக்கிறது.

பெருமைக்குரிய அம்ப் அவர்களே, உங்கள் எழுத்து மங்காதிருக்கட்டும், உங்கள் நீல விளக்கு அணையாதிருக்கட்டும். எந்தப் பற்றரியும் உங்களைத் தீண்டாமல், எந்த சப்பும் உங்களால் எரியாமல், விற்ற கடையின் கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே நீங்கள் நூறாண்டு வாழ்க!